ஜன்னல் கம்பியில் ஒரு செய்முறைத் தேர்வு

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. கம்பத்திலிருந்து தேனிக்கு வரும் பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னது. ஓர் இல்லத்துக்குக் காய்கறி போடுகிறவராம். வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். முக்கியமான இடத்தில், "நம்ம ஸ்டாப் வந்துருச்சு சார்" என்று சின்னமனூரில் இறங்கிவிட்டார். நல்ல மனுஷன்! அன்றைக்குப் போன தூக்கம் எனக்கு இன்னும் திரும்பவில்லை.

2

முதல் தொடக்கம்: 'திராட்சைத் தோட்டங்களின் நடுவே அந்த இல்லம் அமைதியாக

அமைதியாவது மண்ணாவது. கேரளா எஸ்டேட் ஜீப்புகள் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் போகிற ரோட்டு மேலேயே இருக்கிறது. மனநலம் பாதிக்கப்பட்ட பெண்கள் தங்கும் இல்லம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: 2008. ரஃபியா அங்கே பராமரிப்பாளர். நாற்பது வயதில் தபால் வழியில் சமூகப்பணி பட்டம் படிக்கிறாள். கடைசித் தாள், 'பணியிடப் பயிற்சியும் வயதுவந்தோர் வளர்ச்சியும்'. உடன் வேலை செய்கிறவர்களுக்கு அவளே ஒரு பயிற்சி நடத்திக் காட்ட வேண்டும். மதுரையிலிருந்து பேராசிரியை வந்து பார்ப்பார். தேறினால் மேற்பார்வையாளர் பதவி.

(ரஃபியாவை ரொம்ப நல்லவளாக எழுதுகிறேனோ? அந்தப் பதவி மேல் அவளுக்கு வெறி. அதையும் எழுதிவைக்கிறேன்.)

3

பெரியவர்கள் கேட்டுக் கற்பதைவிடச் செய்துதான் அதிகம் கற்கிறார்கள் என்றது பாடநூல்.*

ஆகவே பேராசிரியை முன்னால் நடித்துக் காட்டும் பயிற்சி. இல்லத்தில் கயல் என்றொரு பெண். ஜீப் ஹாரன் கேட்டால், எஸ்டேட்டுக்குப் போன அம்மா வந்துவிட்டாள் என்று ரோட்டுக்கு ஓடுவாள். ரஃபியா கயலாக நடிப்பாள். மூத்த பராமரிப்பாளர் பவுனு, பவுனுவாகவே நடிப்பாள்.

"வெக்கப்படாதீகக்கா. நெதமும் செய்றாப்லயே செஞ்சு காட்டுங்க."

"அதுக்கென்ன ஆத்தா, செஞ்சுட்டாப் போச்சு."

நிஜமாகவே வெளியே ஹாரன் அடித்தது. ரஃபியா ஓடினாள். பவுனு எட்டிப் பிடித்தாள். தோளில் கிடந்த துண்டை உருவி, ரஃபியாவின் மணிக்கட்டில் சுற்றி, ஜன்னல் கம்பியோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள். "இங்கனயே இரு தங்கம். அக்கா ஒரு வாய் சோறு தின்னுட்டு வந்துர்றேன்" என்று கன்னத்தைத் தடவிக்கொடுத்தாள்.

யாரும் சிரிக்கவில்லை.

* ஆபத்தான வரி. வெளியாள் வருகிறபோது கயலை அவிழ்த்துவிட்டு, தலைவாரிப் பூ வைத்து உட்காரவைப்பது அங்கே வழக்கம். அன்றும் அப்படித்தான், பயிற்சிக்கு வந்த ஒருத்தி கையைப் பிடித்திருக்க, உட்கார்ந்திருந்தாள். வெளியாளுக்கு முன்னால் எதைச் செய்யக்கூடாது என்று பவுனுவுக்குத் தெரியும், அதைத் தனியாகச் சொல்ல வேண்டாம் என்று ரஃபியா நம்பினாள். பவுனு ரஃபியாவின் 'நெதமும் செய்றாப்லயே'வை நம்பினாள்.

4

"இங்க இப்படித்தான் கட்டி வைப்பீங்களா, ரஃபியா?" என்றார் பேராசிரியை.

நிர்வாகி சுந்தரலிங்கம் ரஃபியாவையே பார்த்தார். வேலைக்கு இன்னொரு ஆள் போடச் சொன்னபோதெல்லாம் காது கேட்காதவர், கட்டிவைக்கச் சொன்னவர், எல்லாம் அவர்தான்.

முடிவு அ: 'சும்மா நடிப்புதான் மேடம்.' ரஃபியா தேறுகிறாள். மறுநாள் கயல் கம்பியில். எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: 'ஆமா மேடம்.' சுந்தரலிங்கம் பவுனுவைக் கைகாட்டுவார். சாயங்காலத்துக்குள் பவுனுவுக்கு வேலை போய்விடும். ஒருமுறை ஜீப்புக்கு முன்னால் பாய்ந்து கயலை இழுத்துப் போட்டவள் பவுனு. துண்டு கட்டும் பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவளை நான் எப்படி வெளியே அனுப்புவேன்?

முடிவு இ: 'சார்தேன் கட்டச் சொன்னாக.' இப்படிச் சொல்லவேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. நாளைக்கும் அந்த வாசலுக்கு வேலைக்குப் போகவேண்டியவள் ரஃபியா. நானா போகப்போகிறேன்? சொன்ன பிறகு அவள்

5

போதும். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. பேருந்து நிற்கும்போது அந்த மனிதர் சொன்னது அது.

ரஃபியா வாய் திறக்கும் முன்பே பவுனு அவள் பக்கம் குனிந்தாளாம். முகமெல்லாம் சந்தோஷம்.

"நான் ஒழுங்காச் செஞ்சனா ரஃபியா? ஒனக்கு பாஸ் போட்ருவாகல்ல?"

பேராசிரியை காத்திருக்கட்டும். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்.