எட்டுச் சொட்டு

தடால்!

கூடத்திலிருந்து வந்த சத்தத்தில் கிணற்றடிக் காகங்கள் பறந்தன. சூடாமணி மட்டும் அசையவில்லை. குளியலறைக்கு வெளியே நின்று, ஸ்பிரிட் விளக்கின் மேல் கண்ணாடிக் குழாயைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். உள்ளே நீல மருந்தும் அப்பாவின் சிறுநீர் எட்டுச் சொட்டும் கொதித்துக்கொண்டிருந்தன.

“சக்கவரட்டிப் பரணியா? பலாப்பழ இனிப்புன்னா மேல் தட்டிலே ஒளிச்சு வச்சாலும் விடமாட்டேளாப்பா?” என்று அங்கிருந்தே கத்தினாள்.

குழாயில் நிறம் மாறவில்லை. நல்ல நீலம், சர்க்கரை இல்லை. நோட்டில் ‘நீலம்’ என்று எழுதிவிட்டுத்தான் கூடத்துக்குப் போனாள்.

அப்பா வெங்கடேஸ்வரன் சாய்வு நாற்காலியின் காலடியில் குப்புறக் கிடந்தார். அம்மா நாகலக்ஷ்மி அவர் தலையைத் தூக்கி மடியில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கனத்தைத் தூக்க அவளால் முடியவில்லை.

பழவங்காடியிலிருந்து டாக்டர் சத்தியதாஸ் வந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வேட்டியை விலக்கி இடது காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே மினுமினுவென்று வீங்கியிருந்தது.

“இது எத்தன நாளாட்டு?”

“நாலு நாள். கோயில் படியிலே சுளுக்கிண்டதுன்னார். பென்ஷன் வாங்கின மூணு வருஷமா இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனுஷர், எந்தப் படியை ஏறினாராம்? நானும் அதை நம்பினேன் பாருங்கோ!” என்றாள் சூடாமணி.

“சுளுக்கில்ல டீச்சரே. கால் ரத்தக் குழாயில ரத்தம் உறைஞ்சு கட்டியாயிட்டு. அதில ஒரு துண்டு நெஞ்சுக்கு ஏறியிருக்கும். தடிச்ச உடம்பு, நாள் முழுக்க ஒரே இருப்பு, கூட சர்க்கரை. எல்லாம் சேர்ந்தா இப்பிடி வரும். சர்க்கரை எப்பிடி இருந்துது?”

“நீலம், டாக்டர். அஞ்சு மாசமா தினமும் நீலம்.”

அவர் நோட்டைப் புரட்டினார். பிறகு உடம்பைப் பார்த்தார். “இந்த ஆளுக்கா? சர்க்கரை குறையல்ல, இன்னும் செவப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே ஊசி போட்டிருப்பேனே. சோதிக்கிற மருந்து கெட்டுப்போயிருக்கும்” என்று பையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

சூடாமணிக்குச் சுருக்கென்றது. பெண்கள் ஹைஸ்கூலில் ரசாயனம் சொல்லிக்கொடுப்பவள். மருந்தைக் கலக்கியதும் அவள்தான். ஆரம்பத்தில் செங்கல் சிவப்பாகத்தான் வந்தது. கோதுமைக் கஞ்சியும் பாகற்காயும் என்று சட்டம் போட்டாள். ஒன்பதாம் நாள் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்து அப்பா அழுதபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. பத்தாம் நாள் நீலம் வந்தது. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள். அந்த நீலத்தை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமைப் பாயசத்துக்கும் தலையாட்டினாள். அப்படியானால் அப்பாவைக் கொன்றது அவள் கலக்கிய மருந்தா?

தெரிந்தே ஆகவேண்டும். அலமாரியில் சூரணம் குழைக்க வைத்திருந்த தேனை எடுத்தாள். விளக்கை ஏற்றினாள். சேதி கேட்டு வந்து கூடத்தில் அழுதுகொண்டிருந்த அத்தை எட்டிப் பார்த்து, “நன்னாயிருக்குடீ! அப்பனைக் கிடத்தியிருக்கு, இவ இங்கே மூத்திரம் காய்ச்சறா!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“தேன், அத்தை! வெறும் தேன்! செத்தப் பேசாம இருங்கோளேன்!”

நீல மருந்தில் ஒரு சொட்டுத் தேன் விட்டாள். கொதி வந்தது. நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல்லாகக் கலங்கியது. மருந்தில் ஒரு குற்றமும் இல்லை.

இன்னும் எரிச்சல்தான் வந்தது. மருந்து சரி, சொட்டு சரி, கொதி சரி. பின்னே எங்கே பிசகு? குழாயைக் கழுவிவிட்டு மறுபடியும் மருந்தை அளந்தாள். இந்தத் தடவை பாதி கீழே சிந்தியது.

பின்னால் யாரோ நின்றார்கள். அம்மா. தலை கலைந்திருந்தது. அவள் பார்வை குழாயின் மேல் இல்லை. ஜன்னல் விளிம்பில் இருந்த சிறு புட்டியின் மேல் இருந்தது. தினமும் விடியற்காலையில் மகளின் சோதனைக்காக அதில் சிறுநீர் பிடித்து அங்கே வைப்பது அவள் வேலை.

“போறும், சூடா. மருந்தைச் சோதிக்காதே.”

“பின்னே எதைச் சோதிக்கறதும்மா? நீயே சொல்லு!”

நாகலக்ஷ்மி ஸ்பிரிட் விளக்கை ஊதி அணைத்தாள்.

“கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்து அப்பா அழுதாரே, அதுக்கு மறுநாள்லேருந்து நீ காய்ச்சினது எல்லாம் என்னோடதாக்கும்.”