சூரை வரிசை

பஞ்சலிங்கண்ணையின் புது வீட்டுக்குக் கல் வந்து இறங்கிய அன்றுதான், சிவக்கொழுந்தக்கா தன் கிணற்றைக் கேட்டுக்கொண்டு வந்து நின்றார்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரே எழும்பி ஓடியபோது அவருடைய கணவர் நடராசா, மாடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று பின்தங்கினார். மாடுகள் வந்தன. மனிதர் வரவில்லை. பிறகு எங்கள் காணிகள் இருபத்தேழு வருடம் இராணுவ முகாமாகக் கிடந்தன. விடுபட்டதிலிருந்து அக்காவுக்கு ஒரே பிடிவாதம்: மனிதரை அதற்குள்தான் போட்டிருப்பார்கள், பாதி தூர்ந்த அந்தக் கிணற்றைத் தோண்டிப் பார்க்க வேண்டும். ஓர் எலும்பாவது கிடைத்தால் கீரிமலைக் கடலில் கரைத்து அந்தியேட்டிக் கிரியை செய்யலாம். அதுவரை பொட்டை அழிக்கமாட்டார். அந்தப் பொட்டைப் பற்றி ஊரில் உலாவிய கதையில் பாதி என் வாயால் போனதுதான்.

இரண்டு காணிக்கும் நடுவே சூரை முட்பற்றை வரிசையாக நின்றது. கிணறு அதற்குப் பஞ்சலிங்கண்ணையின் பக்கம்.

"உது என்ரை அப்பு போட்ட வேலி. நட்ட கதியால் தடியெல்லாம் செத்துச் சூரை படர்ந்திட்டுது," என்றார் பஞ்சலிங்கண்ணை. "கிணறு என்ரை பக்கம். தோண்டி எலும்பு கிலும்பு வந்தால் பொலிசு, கோட்டு வழக்கு எண்டு பத்து வருசத்துக்கு என்ரை வீடு எழும்பாது. வாற கிழமை மூடப்போறன்."

காணி உறுதிப் பத்திரங்கள் இடப்பெயர்வில் தொலைந்திருந்தன. ஊர் அதிகாரியான விதானையார், எல்லாம் தெரிந்தவள் என்று என்னைத்தான் கேட்டார். "பழைய வேலி உதுதானோ?"

ஓம் என்று தலையாட்டினேன். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

மூன்றாம் நாள் பற்றைக்குள் ஒரு பொடியன் குந்தியிருந்தான். கேதீஸ்வரன், கம்பஸில் தாவரவியல் படிக்கிறவன், விடுபட்ட காணிகளில் செடி எண்ணுகிறானாம். கலியாணம் முடிந்துவிட்டதா என்று விசாரிக்கத்தான் கிட்டப் போனேன்.

"என்ன தம்பி, சங்கிலி கிங்கிலி விழுந்துபோச்சோ?"

"இல்லை அன்ரி, சூரை பாக்கிறன்." ஒரு கொப்பைத் திருப்பிக் காட்டினான். இலையின் அடிப்பக்கம் பட்டுப்போல மயிர். கணுவில் இரண்டு முள், ஒன்று நேர், மற்றது கொக்கி. "நேரானது குத்தும். வளைஞ்சது பிடிச்சு வைச்சிருக்கும்."

"அப்ப எங்கடை ஊர்ச் சனம்தான்."

அவன் சிரித்தான். "வளைஞ்சது பிடிச்சால் முன்னுக்கு இழுக்கக்கூடாது, பின்னுக்கு ஒரு அடி வையுங்கோ."

"உதைப் பஞ்சலிங்கத்தாற்றை அப்பு வேலிக்கெண்டு நட்டவராம்."

"சூரையை ஆரும் நடுறேல்லை. கொண்டைக்குருவிதான் நடுறது. கறுத்தப் பழத்தைத் திண்டுபோட்டு எங்கையாவது குந்தும். குந்தின இடத்துக்குக் கீழை கொட்டை விழும்."

"இஞ்சை எதிலை குந்தினது? ஒரு மரமும் இல்லையே."

அவன் வேரடி மண்ணை விரலால் கிளறினான். கறள் பிடித்த முட்கம்பித் துண்டு ஒன்று வந்தது. "இதிலை."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். சூரை வரிசை நாலு காணிகளை ஊடறுத்து நூல் பிடித்ததுபோல் போனது. எங்கள் ஊரில் எந்த வேலி நேராகப் போயிருக்கிறது? வருடத்துக்கு ஒரு கதியால் அகலமாவது அயலவன் பக்கம் நகராவிட்டால் அது வேலியா? கிணற்றுக்கு அப்பால் அவன் வேறொன்றும் காட்டினான்: பதினொரு கிளுவைக் கட்டைகள், வளைந்து நெளிந்து, இன்னும் துளிர்த்துக்கொண்டு. அதுதான் வேலி. சூரை நின்றது முகாம்காரன் கம்பி கட்டிய இடத்தில்.

இரண்டு நாள் நான் ஒரு வீட்டு வாசலுக்கும் கதை பேசப் போகவில்லை. பிறகு கேதீஸ்வரனையும் கூட்டிக்கொண்டு போய் விதானையாரிடம், நான் சொன்னது பிழை என்றேன்.

"அண்டைக்கு ஓம், இண்டைக்கு இல்லை," பஞ்சலிங்கண்ணை கத்தினார். "உங்கடை வாய் என்ன, ஆர் தள்ளினாலும் திறக்கிற படலையோ?"

கிணறு அக்காவுக்கு என்றாயிற்று. இரண்டு நாள் தோண்டினார்கள். ஊர் கூடி நின்றது. நான் தேத்தண்ணி ஊற்றினேன். அக்காவின் பையில் மடித்த வெள்ளைச் சேலை ஒன்று இருந்ததைக் கண்டேன். எதைத்தான் நான் காணவில்லை? கல் வந்தது, தகரம் வந்தது, வாகன ரயர் வந்தது. ஓர் ஆட்டு மண்டையோடு வந்தபோது அக்கா எழுந்து நின்று, பிறகு மறுபடியும் குந்தினார்.

இரண்டாம் நாள் பின்னேரம் உள்ளேயிருந்து குரல் வந்தது. "அடிப்பாறை தெரியுது அக்கா. ஒண்டும் இல்லை."

அக்கா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். பையைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு நேரே கேதீஸ்வரனிடம் போனார்.

"தம்பி, உப்பிடி நேரா நிக்கிற சூரை வேறை இடங்களிலையும் இருக்கோ?"

அவன் செடி எண்ணிக் குறித்துவைத்திருந்த வரைபடத்தை விரித்தான். அவர் ஏன் கேட்கிறார் என்று பிறகுதான் விளங்கியிருக்க வேண்டும், மடிக்கப் பார்த்தான்.

"எத்தினை?"

"பத்தொன்பது, அம்மா."

"எல்லாத்தையும் ஒரு தாளிலை கீறித் தாங்கோ. முகாம்காரன்ரை கம்பி நிண்ட இடமெல்லாம் அவரைத் தேடிப் பாக்கவேணும்."

அடுத்த நாள் காலை அந்தத் தாளோடு புறப்பட்டார். நானும் குடையோடு போனேன். புதினம் பார்த்துக் கதை பரப்பப் போகிறாள் என்று ஊர் சொல்லும், சொல்லட்டும். முதலாவது வரிசையிலேயே கொக்கி முள் அவருடைய சேலையைப் பிடித்தது.

"அக்கா, இழுக்காதேங்கோ. பின்னுக்கு ஒரு அடி வையுங்கோ."

அவர் வைக்கவில்லை. சேலை கிழிகிற சத்தம் கேட்டது. முன்னுக்கே போய்க்கொண்டிருந்தார்.