கொழும்பில் படிக்கும் தோல்

பேசாலை மாதா திருவிழாவின் கொடியேற்றத்துக்கே என்னை ஊருக்குத் துரத்திவிட்டவள் றாபியா. அவளும் எங்கள் மன்னார்தான், எருக்கலம்பிட்டிக்காரி. கொழும்பில் மனிதக் கலங்களை, அதாவது உடம்பின் செல்களை, வளர்க்கும் ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்பவள்.

"அன்ரோனெற், நீ இங்க நிண்டா உன்ர சித்தப்பா பிழைக்கமாட்டார். போ, அவரை நான் பாத்துக்கொள்றன்" என்றாள்.

அவள் சித்தப்பா என்றது குடுவைக்குள் இருந்ததை. வள்ளத்து எஞ்சின் சுட்ட புண் சிங்கராசாச் சித்தப்பாவின் காலில் ஆறவே இல்லை. அவருடைய தொடையில் முத்திரை அளவு தோல் எடுத்து, கலங்களைப் பிரித்து, இளஞ்சிவப்புத் திரவத்தில் விட்டு, உடற்சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்திருந்தோம். வளர்ந்து பரந்தால் புண்ணின்மேல் போர்த்தலாம். ஆனால் குடுவையின் அடியில் அவை ஒட்டிப் பிடிக்கும்வரை அசைக்கக் கூடாது. வேறு யாருடைய கலங்களென்றாலும் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். இது எங்கள் சித்தப்பா ஆயிற்றே. பெட்டியைத் திறப்பதும், குடுவையைத் தூக்கி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பதுமாக இருந்து இரண்டு குடுவைகளைப் பாழாக்கிவிட்டேன். எஞ்சியது ஒன்றுதான். அதுவும் போனால், இன்னொரு முறை கத்தி வைக்க அவர் சம்மதிக்கமாட்டார்.

ஊரிலிருந்து நான் எடுத்த அழைப்பு ஒன்றுக்கும் றாபியா பதில் தரவில்லை.

சித்தப்பாவோ திருவிழாவன்று கோவில் வாசலில் கதிரை போட்டு இருந்துகொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம், "என்ர தோல் கொழும்பில படிக்குது" என்று பகிடி விட்டுக்கொண்டிருந்தார். மாதாவின் சொரூபம் வெளியே வந்ததும் பேச்சு நின்றது. இளந்தாரிக் காலம் தொட்டு, சொரூபத்தைத் தூக்கும் முன் தண்டைத் தோளில் சுமந்தவர் அவர். புண் வந்தபின் அந்த இடத்தில் அவருடைய கூட்டாளி டொமினிக் நிற்கிறார்.

அந்த நேரம் பார்த்து றாபியாவின் படம் வந்தது. கலங்கள் ஒட்டிப் பிடித்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, கல் பதித்த முற்றம்போலப் பரந்திருந்தன. "சித்தப்பா நல்ல சுகம்" என்று கீழே எழுதியிருந்தாள். சனத்துக்கு நடுவில் நின்று அழுதேன். சிரிப்பும் கூடவே வந்தது.

சித்தப்பா தொலைபேசியை வாங்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இதில நான் எது, பிள்ளை?"

"எல்லாமே நீங்கள்தான் சித்தப்பா."

"இவ்வளவு பேரோ?"

பிறகு அவர் கதிரையில் இருக்கவில்லை. நொண்டி நொண்டிச் சனத்தை விலக்கிக்கொண்டு போய், டொமினிக்கின் மூக்குக்கு முன்னால் படத்தைப் பிடித்தார்.

"வடிவாப் பார். வாற வருசம் தண்டுக்கு ஆள் வருது."

தண்டு அழுத்தியதில் கழுத்தைத் திருப்ப முடியாத டொமினிக் கடைக்கண்ணால் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொரூபம் ஒரு பக்கம் மெல்லச் சரிந்து நிமிர்ந்தது. சித்தப்பா ஒரு கையில் தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி, மற்றக் கையைத் தண்டில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தார்.