அச்சாரம் செல்லாத இடம்

சிறுநீரகத்துக்கு விலை கிடையாது என்று ஆஸ்பத்திரிச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் தரகன் விலை சொன்னான். எங்கள் தொழில் கணக்கில் சொன்னால், ஒரு லாரி முறுக்குக் கம்பியின் விலை, கமிஷன் தனி. என் மச்சான் முகம் சுளிக்கவில்லை. டயாலிசிஸ் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே, “ஏத்துக்கூலி இறக்குக்கூலி உன்னோடதா, என்னோடதா?” என்று கேட்டார்.

மறு வாரம் அந்தத் தரகனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மச்சானுக்குப் படியப்போகிற நேரத்தில் பேரம் முறிந்துபோன வருத்தம்.

மச்சான் என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. இரும்பு மொத்த வியாபாரி; நானும் அவர் கடையில்தான் இருக்கிறேன். கடைத்தெருவில் அவருக்குக் ‘கறார்’ என்று பெயர். ஆணியை எண்ணிக் கொடுப்பார். சும்மா கொடுத்தால் காலண்டர்கூட வாங்க மாட்டார். இன்றைக்குக் காலண்டர் கொடுத்தவன் நாளைக்குக் கடன் கேட்பான் என்பார். கடவுளிடமும் அதே கறார்தான். ஆலயத்துக் கூரையின் இரும்புச் சட்டங்கள் அவர் கொடுத்தவை. முன்வாசல் கேட் அவர் கொடுத்தது. வருமானத்தில் பத்தில் ஒன்று மாதம் தவறாமல் போய்விடும். சிறுநீரகம் இரண்டும் படுத்துவிட்டன என்று டாக்டர் சொன்ன அன்று, பார்க்க வந்த போதகரிடம் அவர் கேட்டது இதுதான்:

“நம்ம பக்கம் குறை வச்சதில்லை பாஸ்டர். கூரை, கேட்டு, காணிக்கை எல்லாம் போய்ச் சேர்ந்துச்சு. அங்கிருந்து சரக்கு வரலையே?”

“ஆர்டர் போட்டு வாங்கற சரக்கு இல்லைங்க அது” என்றார் போதகர்.

“பின்ன என்ன கடை அது?” என்றார் மச்சான்.

அப்போதுதான் சின்னவர் வந்தார். மச்சானின் ஒரே தம்பி. ஊருக்கு வெளியே வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கம்பி வாங்குவதுகூட எதிர்க் கடையில்தான். காரணம் எல்லாருக்கும் தெரியும். அப்பா விட்டுப்போன கடையில் பாதி தம்பிக்குரியது. தம்பியின் கல்யாணச் செலவோடு அந்தப் பங்கு தீர்ந்தது என்று ஒரு பத்திரம் எழுதி, கல்யாண அமளியில் மச்சான் கையெழுத்து வாங்கிவிட்டார். அண்ணன் நீட்டிய தாள் என்பதால் தம்பி படித்துப் பார்க்கவில்லை. அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது.

அந்தத் தம்பி டயாலிசிஸ் வார்டுக்குள் வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். யாரிடமும் சொல்லாமல் எல்லாப் பரிசோதனையும் முடித்திருந்தார்.

“என்னோடது பொருந்துதாம்ணே. எடுத்துக்க” என்றார், சைக்கிளை இரவல் கொடுப்பவர்போல.

மச்சான் கூரையைப் பார்த்தபடி கேட்டார். “எவ்வளவு எதிர்பார்க்கறே?”

“ஒன்னுமில்ல.”

“ஒன்னுமில்லாம எவனும் ஒன்னும் தரமாட்டான். விலையைச் சொல்லு. பேசிக்கலாம்.”

“விலை சொன்னா உனக்கு வாங்க வக்கிருக்காதுண்ணே” என்று சொல்லிவிட்டுச் சின்னவர் போய்விட்டார்.

அன்றிலிருந்து மச்சானுக்கு நோயைவிடப் பெரிய நோய் பிடித்துக்கொண்டது. டாக்டர் எங்களிடம் மறைக்கவில்லை. ஊசி குத்த நல்ல ரத்தக்குழாய் கையில் மிச்சமில்லை, இந்த மாற்று நடக்காவிட்டால் அதிக நாள் தள்ள முடியாது. வீட்டில் வேறு யாருடையதும் பொருந்தவில்லை. எல்லாம் தம்பியின் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லைக் கட்டிப்போட மச்சான் கையில் கயிறு இல்லை.

“மாப்ளே, இவன் அச்சாரம் வாங்கலைடா” என்பார் என்னிடம். “அச்சாரம் வாங்காதவன் எந்த நிமிஷமும் பேச்சு மாறலாம். நான் அவனுக்குச் செஞ்சதுக்கு, நானா இருந்தா ஆபரேஷன் டேபிள் வரைக்கும் கூட்டிட்டுப் போய் அங்க வச்சுக் காலை வாரிவிடுவேன்.”

எங்கள் தெருவில் அச்சாரம் இல்லாமல் ஒரு கோணி ஆணி நகராது. வாங்குகிறவன் முன்பணமாகக் கொஞ்சம் கையில் வைத்துவிட்டால் விற்கிறவன் கட்டுப்பட்டவன். அப்புறம் எவ்வளவு லாபம் வந்தாலும் வேறொருவனுக்குக் கொடுக்க முடியாது. ஆனால் இங்கே அந்தப் பேச்சே கூடாது. உறுப்பு மாற்றுக்கு அனுமதி தரும் குழு எல்லாரையும் கூப்பிட்டு விசாரிக்கும். பணமோ சொத்தோ கைமாறியது தெரிந்தால் மனுவைத் தள்ளிவிடும். இதை ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னார்கள். மச்சான் தலையாட்டினார். சரக்குத் தரம் பற்றி எதிராளி பேசும்போது ஆட்டுவாரே, அந்தத் தலையாட்டல்.

விசாரணை நாள் வந்தது. மாடி அறை. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற அம்மா தலைவர், பக்கத்தில் வேறு ஆஸ்பத்திரி டாக்டர், எழுதிக்கொள்ள ஒரு சமூகப் பணியாளர் பெண். இந்தப் பக்கம் மச்சான், சின்னவர், சின்னவரின் மனைவி, சாட்சிக்கு நான். அக்கா வெளியே பெஞ்சில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் வழுக்கிக்கொண்டுதான் போனது. தலைவர் அம்மா சின்னவர் மனைவியைப் பார்த்து, “உங்க அடையாள அட்டையைக் கொடுங்கம்மா” என்றார். அவர் கைப்பையைத் திறந்தார். அட்டையை இழுத்தபோது கூடவே ஒரு தடித்த கவர் வந்து மேசையில் விழுந்தது. கவரின் மூலையில் எங்கள் கடையின் பெயரும் தராசுப் படமும். வாய் ஒட்டாத கவர். நோட்டுக் கட்டு பாதி வெளியே எட்டிப் பார்த்தது.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

“இது என்ன?”

“எனக்குத் தெரியாதுங்க” என்றார் சின்னவர் மனைவி. “சத்தியமா நான் வைக்கலை.”

கீழே லிஃப்டுக்குக் காத்திருந்தபோது, “நீ அட்டையெல்லாம் எடுத்துட்டியாம்மா?” என்று மச்சான் அந்தப் பையைக் கையில் வாங்கிப் பார்த்தது எனக்கு ஞாபகம் வந்தது. கடையில் பேச்சு வியாபாரம் என்னுடையது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“அது வந்து மேடம், வீட்டுல ஒரு விசேஷம். சீட்டுப் பணம் கட்டறதுக்காக நான்தான்...”

“விசேஷமா, சீட்டா? ஒன்னைச் சொல்லுங்க” என்றார் தலைவர் அம்மா. பிறகு மச்சான் பக்கம் திரும்பினார். “கவர்ல உங்க கடைப் பேரு. நீங்க சொல்லுங்க.”

எனக்குத் தெரிந்த மச்சான் அந்த இடத்தில் மூன்று பொய்களை எடை போட்டு, அதில் மலிவானதை எடுத்து நீட்டியிருப்பார். அன்றைக்கு என்ன ஆனதோ. தம்பியைப் பார்த்தார். தம்பி கவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் கோபமில்லை. கன்னத்தில் அறை வாங்கிய குழந்தையின் முகம்.

“அச்சாரம்” என்றார் மச்சான்.

“என்னது?”

“அச்சாரம்மா. அவன் பேச்சு மாறாம இருக்க. அவனுக்கும் தெரியாது, அவன் சம்சாரத்துக்கும் தெரியாது. நான்தான் பைக்குள்ள வச்சேன்.” கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டார். “அவன் மாறிடுவான்னு எனக்குப் பயம். அப்பா கடையில பாதி அவனோடது. நான் ஏமாத்தி எழுதி வாங்கினவன்.”

என் மச்சான் வாயிலிருந்து இந்தச் சொற்கள் வெளியே வந்து நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. டாக்டர் தலைவர் அம்மாவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அந்த அம்மா மனுக் கட்டை மூடினார். மூடிய அட்டைமேல் கையை வைத்துக்கொண்டார். என் அக்காவின் தாலி அந்தக் கைக்குக் கீழே இருப்பதுபோல் எனக்குத் தோன்றியது.

“இப்படி இருந்தா நாங்க மனுவைத் தள்ளித்தான் ஆகணும். தெரியுமா?”

“மேடம், ஒரு நிமிஷம்” என்று மச்சான் எழுந்தார். “தப்புதான். இப்பவே சரி பண்ணிடறேன். பாதிக் கடையை இன்னைக்கே அவன் பேருக்கு எழுதிடறேன். அவன் பங்குதானே? கணக்கை நேராக்கிட்டு வர்றேன். அப்புறம் வாங்கிக்கறேன்.”

“இன்னைக்கு எழுதினா அதுவும் விலைதான். மனு போயிடும்.”

“சரி, நான் ஒன்னும் அயோக்கியன் இல்லை மேடம். ஆலயத்துக்குக் கூரை போட்டவன். விசாரிச்சுப் பாருங்க. அதையும் எழுதிக்கச் சொல்லுங்க.”

“நீங்க நல்லவரா கெட்டவரான்னு இந்தப் படிவத்துல கேள்வியே இல்லை” என்றார் அந்த அம்மா.

மச்சான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நல்லது செய்ததும் செல்லாது, கெட்டதைச் சரி பண்ணப்போவதும் செல்லாது. பெட்டி நிறையப் பணத்தோடு போய், நோட்டே ஓடாத ஊரில் இறங்கிவிட்டவர்போல் இருந்தார். “அப்ப நான் என்னதான் செய்யறது?”

“நீ ஒன்னும் செய்யாதண்ணே” என்றார் சின்னவர். “சும்மா படுத்துக்க. மீதியை டாக்டர் பார்த்துக்குவார்.”

“நீங்க இருங்க” என்று தலைவர் அம்மா அவர் பக்கம் திரும்பினார். “உங்களை இவ்வளவு ஏமாத்தினவர். இன்னைக்குக்கூட உங்களை நம்பலை. இப்பவும் கொடுக்கறீங்களா? ஏன்?”

சின்னவர் வெல்டிங் பொறி பட்டுத் தழும்பேறிய விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“ஏமாத்தினவர்னு இவரை மட்டும் சொல்றீங்க. பத்திரம் விஷயம் தெரிஞ்ச வருஷம், கேஸ் சிலிண்டரையும் பெட்ரோல் கேனையும் வண்டியில ஏத்திக்கிட்டு இவர் கடைக்குத் தீ வைக்கக் கிளம்பினவன் நான். வழியில டயர் பஞ்சர். இல்லாட்டி வச்சிருப்பேன். அன்னைக்கு ஆலயத்து வாசல்லதான் வண்டி நின்னுச்சு. இவர் போட்ட கேட்டுதான், அதைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். உள்ள போய் நான் என்னத்தைக் கொடுத்து மன்னிப்பு வாங்க முடியும்? கையில பெட்ரோல் நாத்தம். நீதிமான்னு சொல்லிக்க எங்கிட்ட ஒரு குண்டூசி இல்லை. ஆண்டவர் கேட்கவும் இல்லை. தன்னோட நீதியை எடுத்து என் பேர்ல வரவு வச்சுட்டார். சும்மா வாங்கினது மேடம். அதை நான் எவன்கிட்ட விலை சொல்லி விக்கிறது?”

மச்சான் தலை குனிந்தபடியே கேட்டார். “அது உனக்கும் கடவுளுக்கும். நமக்குள்ள ஒரு பிடிமானம் வேணாமாடா? ஒரு அச்சாரம்?”

“கொடுத்தாச்சேண்ணே.”

“யாரு?”

“நான்தான். டெஸ்ட்டுக்குன்னு குழாய் குழாயா ரத்தம் எடுத்தாங்களே. நீ கடையில வாங்கறவன் கொடுக்கற அச்சாரத்தையே பார்த்துப் பழகிட்டே. ஆலயத்துல பைபிள்ல இருந்து அந்த வார்த்தையைப் படிக்கும்போது நீ காணிக்கை எண்ணிக்கிட்டிருந்திருப்பே. அங்க கொடுக்கற ஆண்டவர்தாண்ணே தன் ஆவியையே அச்சாரமாவும் கொடுக்கறார்.”

நான் இத்தனை வருஷ வியாபாரத்தில் இப்படியொரு பேரத்தைப் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்தால் பேரம் படியும் என்பது எனக்குத் தெரியும். ஒரு பக்கம் முழுக்கக் கொடுத்துவிட்டு நிற்க, இன்னொரு பக்கம் வாங்கத் தெரியாமல் தவிப்பது புதுசு.

தலைவர் அம்மா கவரை மச்சான் பக்கம் தள்ளினார். “இதை எங்க முன்னாடி எடுத்துப் பையில வைங்க. நடந்ததெல்லாம் பதிவாகும். இவரையும் இவர் மனைவியையும் தனியாவும் இன்னொரு தடவை கேட்போம். அதுக்கு முன்னாடி நீங்க ஒன்னு சொல்லணும். வக்கீல் எழுதினது வேணாம், உங்க வாயால. இந்தச் சிறுநீரகத்துக்கு நீங்க கொடுக்கறது என்ன?”

மச்சான் கவரை எடுத்துச் சட்டைக்குள் வைத்தார். எழுந்து கதவுவரை போய்விட்டார். கைப்பிடியில் கை. போய்விடுவார் என்றே நினைத்தேன். சும்மா வாங்குவதைவிடச் சாவதே மேல் என்று நினைக்கக்கூடிய ஆள்தான் அவர். கதவுக் கண்ணாடி வழியாக அக்காவின் குனிந்த தலை தெரிந்தது. சின்னவர் கூப்பிடவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மச்சான் திரும்பி வந்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“ஒன்னுமில்ல” என்றார். சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். “ஒன்னுமே கொடுக்கலை. கொடுக்க எங்கிட்ட ஒன்னுமில்லை.”

“கடைப் பங்கு?” என்று டாக்டர் கேட்டார்.

சின்னவர் குறுக்கிட்டார். “பிழைச்சு எழுந்து வந்தபிறகு அவருக்கா மனசு வந்தா கொடுப்பார், வராட்டி விடுவார். ரெண்டுக்கும் முடிச்சுப் போடாதீங்க சார். கொடுக்காட்டியும் இதைத் திருப்பிக் கேட்க மாட்டேன். எப்படிக் கேட்கறது, கிழிச்சா எடுக்கறது?”

சமூகப் பணியாளர் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தாள். “உங்க வார்த்தையிலயே சொல்லுங்க சார், எழுதிக்கறேன்.”

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடையில் சாயங்காலம் கணக்கரிடம் சொல்லும் அதே குரல் வந்துவிட்டது அவருக்கு.

“எழுதிக்கம்மா. வந்தது: தம்பியோட சிறுநீரகம் ஒன்னு. நான் கொடுத்தது: இல்லை. கூரை, கேட்டு எதுவும் இதுல சேராது. பாக்கி...”

அங்கே நின்றுவிட்டார். எவ்வளவு என்று சொல்வது?

“பாக்கி இல்லைன்னு எழுதுங்கம்மா” என்றார் சின்னவர்.

அந்தப் பெண் தலைவர் அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா மூடிவைத்த மனுக் கட்டைத் திறந்து தலையசைத்தார். பாக்கி: இல்லை.