தவக்காலத்து ஆட்டுக்கறி டின்

போர் முடிந்து, 1972 மார்ச் மாதம் விடுப்பில் ராயபுரம் வந்தேன். என் டிரங்குப் பெட்டியில் மிச்சமிருந்த ராணுவ உணவுப் பொட்டலத்தை என் மனைவி ஆலிஸ் கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு வஞ்சிரக் குழம்பு பரிமாறிவிட்டு, அந்தப் பொட்டலத்தோடு எதிரில் உட்கார்ந்தாள்.

முதலில் பிஸ்கட்டைக் கடித்தாள். "இன்னாய்யா இது, கடலாண்ட கொட்டுற கல்லாட்டம் கீது?"

"டீயில ஊற வச்சித் துன்னணும்," என்றேன்.

பொட்டலத்துத் தூளில் போட்ட டீயை ஒரு வாய் குடித்தாள். "இத்த டீன்னு சொன்னவன இட்டுகினு வா. நான் பேசிக்கிறேன்."

அடுத்து டின்னைத் திறந்தாள். காசிமேட்டில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற அதே சந்தேகத்தோடு முகர்ந்தாள்.

"ஆட்டுக்கறின்னு மேல எழுதிகீது," என்றேன்.

"எழுதுனவன் துன்னுகீறானா?"

அவள் ஒரு துண்டை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. "ஆலிஸ், இன்னிக்கு வெள்ளிக்கிழம. தவக்காலம் வேற." கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் எந்த வெள்ளிக்கிழமையும் அவள் மீனைத் தவிரக் கறியைத் தொட்டதில்லை.

கை அப்படியே நின்றது. "அங்க வெள்ளிக்கிழமையானா நீ இன்னா துன்ன?"

"இத்தத்தான்."

"சாமியாராண்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னியா?"

"இன்னும் இல்ல. நாளைக்குத்தான் மாதா கோயிலுக்குப் போவணும்."

துண்டை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினாள். டின் காலியாகும்வரை நிறுத்தவில்லை.

"நாளைக்கு நானும் கோயிலுக்கு வரேன்," என்றாள். "சாமியாராண்ட நீ மட்டும் திட்டு வாங்க வேணாம்."