பத்து மிடறு

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் லிடியா. டெல்லி மருத்துவமனை ஒன்றில், உணவுக்குழாயின் தசைகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பரிசோதிக்கும் நர்ஸ். மெட்ரோவில் மயூர் விஹார் வருவதற்குள் சொல்லி முடித்தார். அதனால் பாதி என் கைச்சரக்கு.

'மாதங்கிக்குத் தொண்டையில் ஏதோ…' என்று தொடங்கி, அடித்துவிட்டேன். சோறு நின்றது தொண்டையில் அல்ல, நெஞ்சில். இரண்டு வருடமாக. கிட்வாய் நகர் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீர் குடித்து இறக்குவாள். சில நாள் அதுவும் திரும்பி வந்துவிடும். எண்டோஸ்கோபியில் ஒன்றுமில்லை. "மனசுதான் காரணம்" என்றார் ஒரு டாக்டர். கணவர் சேஷன் அதைப் பிடித்துக்கொண்டார்.

2

(சேஷனைக் கொடுமைக்காரராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. ரசம் சாதத்தை மிக்சியில் அடித்துக் கொடுத்தவரும் அவர்தான்.)

3

மூக்கு வழியாக மெல்லிய குழாய் இறங்கியது. மாதங்கியின் கண்ணில் நீர் வழிந்தது. லிடியா சிரிஞ்சால் கொஞ்சம் தண்ணீரை வாயில் விட்டார்.

"முழுங்குங்கம்மா. ஒரே தடவ. நான் சொல்றவரைக்கும் எச்சிலக்கூட முழுங்கக் கூடாது."

இப்படிப் பத்து முறை. திரையில், தசையின் அழுத்தத்தைக் காட்டும் நிறங்கள் மாறிக்கொண்டிருந்தன.

மாதங்கி பயந்தது நோய்க்கு அல்ல. இதிலும் ஒன்றுமில்லை என்று வந்துவிடுமோ என்றுதான். [இந்த வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.]

குழாயை எடுத்ததும் கேட்டாள்: "ஏதாவது தெரியறதா?"

"டாக்டர்தான் சொல்லணும்மா." லிடியா திரையை ஒருமுறை பார்த்தார். "ஆனா இது உங்க மனசு இல்ல."

மாதங்கி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வலியென்று நினைத்து சேஷன் உள்ளே ஓடிவந்தார்.

4

உணவுக்குழாயின் கீழ்வாய் திறக்க மறுக்கிறது, தள்ளிவிடும் தசையும் ஓய்ந்துவிட்டது என்றார் டாக்டர். சின்ன அறுவையில் அதைத் தளர்த்தலாம். தளர்த்தினார்கள். இப்போது மாதங்கி எல்லோருடனும் உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிடுகிறாள்.

கதை இங்கே முடியலாம். ஆனால் டாக்டர் சொன்ன அன்று, லிஃப்டுக்குள் சேஷன் பேசத் தொடங்கியது லிடியாவின் காதில் விழுந்திருக்கிறது: "மாதங்கி, ரெண்டு வருஷமா நான் உன்னை…" கதவு மூடிவிட்டது.

மன்னிப்புக் கேட்டதாக ஒரு முடிவு எழுதினேன். மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. அதற்கு மேல் பேசாமலே இறங்கினார் என்று இன்னொன்று. அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அந்த வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள். நான் முடித்தால், என் வீட்டில் நான் சொல்லாமல் விட்டதைத்தான் எழுதுவேன்.