வரைபடத்தில் இல்லாத நாற்பத்தொரு வீடுகள்

ஒடெஸா கில்லரிக்கு மாநிலச் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் வேலை. ஆலைகள் புகை விட அனுமதி கேட்டுப் போடும் மனுக்களைப் படித்துப் பரிந்துரை எழுதுவாள். அந்தப் பிரிவில் கறுப்பினத்தவர் அவள் ஒருத்திதான்.

அன்று வெள்ளிக்கிழமை. ஓர் உர ஆலையின் கோப்பை ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டும். ஆலை வரப்போவது மிசிசிப்பி ஆற்றங்கரையில், ஃப்ரீமன் கார்னரில். மனுவிலிருந்த வரைபடத்தில் சுற்றிலும் அரை மைலுக்குக் 'காலி நிலம்' என்று போட்டிருந்தது. ஒடெஸாவுக்கு உறுத்தியது. தோழியின் அம்மாவை அடக்கம் செய்ய அவள் அந்த ஊருக்குப் போயிருக்கிறாள்; கறுப்பினக் குடும்பங்கள் வாழும் வீடுகளை அங்கே பார்த்திருக்கிறாள்.

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு காரை எடுத்தாள்.

தேவாலய வாசலில் சபைப் பணியாளரான டீக்கன் ரூஃபஸ் தெரியோ கெளுத்தி மீன் பொரித்து விற்றுக்கொண்டிருந்தார். ஒடெஸா வரைபடத்தை விரித்துக் காட்டினாள்.

"காலி நிலமா? அப்ப நான் யாரு மகளே, பேயா?" என்று சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது. "வீட்டு வரி நோட்டீஸ் மட்டும் வருஷா வருஷம் கரெக்டா வருது."

"அளக்க யாரும் வந்தாங்களா, டீக்கன்?"

"ரெண்டு பேர் வந்தாங்க. காரை விட்டு எறங்கவே இல்ல."

இருவரும் நடந்தே எண்ணினார்கள். நாற்பத்தொரு வீடுகள், ஒரு குழந்தைகள் காப்பகம்.

மூன்று மணிக்கு அலுவலகம் திரும்பியவள் பழைய கோப்புகளைத் தேடினாள். அதே நிறுவனம் இரண்டு வருடம் முன்பு வெள்ளையர்கள் வாழும் பெல்மோரில் இடம் கேட்டிருந்தது. அந்த வரைபடத்தில் ஒரு வீடு விடாமல் குறித்திருந்தார்கள். ஒரு குதிரை லாயம்கூட இருந்தது. 'குடியிருப்புகள் அருகில் உள்ளன' என்று இதே அலுவலகம் அனுமதி மறுத்திருந்தது. கீழே கையெழுத்து, அவளுடைய மேலதிகாரி கர்ட் ஹென்ஸ்லி.

இரண்டு வரைபடங்களையும் அவர் மேஜையில் வைத்தாள்.

"குதிரைக்குக் கெடைச்ச இடம் மனுஷனுக்கு இல்லையா, கர்ட்?"

"நெறத்தை எதுக்கு இழுக்குற? அந்த வீடுங்க நிலப் பதிவுல இல்ல. அவ்ளோதான்."

"பதிவுல இல்லைன்னா வரி நோட்டீஸ் மட்டும் எப்படிப் போகுது? அவங்க மூச்சு விட மாட்டாங்களா? மத்திய அரசுகிட்ட பணம் வாங்குற ஆபீஸ் இது. இனம் பாத்து நடத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

கர்ட் கதவைச் சாத்தினார். "காலையில இருந்து மேலேருந்து நாலு போன். கையெழுத்துப் போட்டுட்டுப் போ. பையனைக் காலேஜ்ல சேக்கணும்னு சொன்னியே, அதை யோசி."

ஒடெஸா தன் இருக்கைக்குப் போய் ஒரு குறிப்பைத் தட்டச்சு செய்தாள். நேரில் எண்ணிய வீடுகள், இரண்டு வரைபடங்கள், பெல்மோருக்கு அளித்த பதில். பொதுக் கோப்பில் ஏறிவிட்டால் அதை யாரும் அழிக்க முடியாது. யார் கேட்டாலும் காட்டியாக வேண்டும்.

நாலே முக்காலுக்கு கர்ட் வந்து விசைப்பலகைமேல் உள்ளங்கையை வைத்தார். பக்கத்து மேஜைகளில் பேச்சு நின்றது.

"கையை எடுங்க."

"ஒடெஸா, இதுக்கப்புறம் என்னால உன்னைக் காப்பாத்த முடியாது."

"காப்பாத்தச் சொல்லலையே. எடுங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெல்ல எடுத்தார். அவள் பதிவு விசையைத் தட்டினாள். குறிப்பு பொதுக் கோப்பில் ஏறிவிட்டது.

அன்று அனுமதி போகவில்லை. திங்கட்கிழமை அவளைக் கீழ்த்தளத்துக்கு, கழிவுநீர்த் தொட்டிப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

டீக்கன் தெரியோ அந்தக் குறிப்பின் நகலை வாங்கி, மத்திய அரசின் குடிமை உரிமைகள் பிரிவில் புகார் கொடுத்தார். பதினான்கு மாதம் விசாரணை நடந்தது. கடைசியில் அலுவலகம் எழுத்தில் ஒப்புக்கொண்டது: அனுமதிக்கு முன் அதிகாரி நேரில் நடந்து வீடுகளை எண்ண வேண்டும், அங்கே ஏற்கெனவே எத்தனை ஆலைகளின் புகை இருக்கிறது என்று கணக்கில் எடுக்க வேண்டும், மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டத்தை அந்த ஊரிலேயே நடத்த வேண்டும். உர நிறுவனம் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பழைய இருக்கை கேட்டு ஒடெஸா மூன்று முறை எழுதினாள். மூன்றாவதற்குத்தான் கொடுத்தார்கள். அவள் மாடிக்கு வந்த காலையில் கர்ட் தலை நிமிரவில்லை. அவள் மேஜையில் பதினேழு மனுக்கள் காத்திருந்தன. முதல் மனுவை எடுத்து, வரைபடம் இருந்த பக்கத்தைத் திருப்பினாள்.